எழுத்தும் எந்திரமும் – 14: இந்தத் தடித்த எழுத்து எங்கிருந்து வந்தது?

பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை 1930-இல் தொடங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1946-இல், தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவரும் அவரே. அந்தக் கழகம் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவர முனைந்தபோது, வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய பெ. தூரன் அதன் தலைமைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது, பத்தாவது 1968-இல். அதோடு நிற்காமல் குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகள்.

இவ்வளவும் கணினி எட்டிப் பார்க்காத காலத்து வேலை. கலைக்களஞ்சியம் மாதிரியான நூலில் எது கட்டுரைத் தலைப்பு, எது உட்தலைப்பு, எது ‘அங்கே பார்க்க’ என்று கைகாட்டும் குறிப்பு என்பதை அச்சுக் கோப்பவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்கு அச்சுலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: சொல்லின் அடியில் நெளிகோடு இழுத்தால் தடித்த எழுத்து, நேர்கோடு இழுத்தால் சாய்வெழுத்து. கோடு அவ்வளவுதான் சொல்லும். அந்தச் சொல் தலைப்பு என்பதாலா, வெறும் அழுத்தத்துக்காகவா எதற்காகத் தடிக்கிறது என்பது பதிப்பாசிரியரின் மனத்தோடு நின்றுவிடும்.

கணினிக்கு வந்த பிறகும் பெரும்பாலான தமிழ்க் கோப்புகளின் நிலைமை இதுதான். சொல்லைத் தேர்ந்தெடுத்து ‘போல்ட்’ பொத்தானை அமுக்குவதோடு வேலை முடிந்ததாக நினைக்கிறோம். இருபது பக்கம் வரை அதில் தொல்லை இல்லை. இரண்டாயிரம் பக்கத்தில் தலைப்புகளை மட்டும் திரட்டிப் பொருளடக்கம் போடச் சொன்னால் ஸ்கிரிப்ட் என்னும் சிறுநிரல் திணறுகிறது. அதன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தடித்த எழுத்துகள், தலைப்புகள் அல்ல.

குறிப்புகளைத் தலைப்பு, அதனடியில் உட்தலைப்பு என்று படிப்படியாக அடுக்கித் தரும் மென்பொருள்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அமெரிக்காவில் டேவ் வைனர் உருவாக்கிய ‘திங்க்டேங்க்’ 1983-இலேயே விற்பனைக்கு வந்தது. மேக் கணினிக்காரர்கள் நன்கறிந்தது சியாட்டிலின் ஆம்னி குழுமத்தினுடைய ‘ஆம்னி அவுட்லைனர்’. ஆப்பிள் 1993-இல் தந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழியில் இதன் வரிகளை மட்டுமல்ல, அந்த வரிகளின் தோற்றத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எப்படி? ஆம்னி அவுட்லைனரில் ஒரு வரியின் தோற்றம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆவணம் முழுமைக்கும் ஒரு ஸ்டைல் இருக்கும். முதல் படி, இரண்டாம் படி என்று ஒவ்வொரு படிநிலைக்கும் ஒன்று. நாமே பெயர் சூட்டிய ஸ்டைல்கள் தனி. இவை போக அந்த வரிக்கென்றும், வரிக்குள் நாலைந்து எழுத்துகளுக்கென்றும் நாம் கையால் போட்டவை. ‘இந்த எழுத்து தடித்ததா?’ என்று ஸ்கிரிப்ட் கேட்டால் ‘ஆம்’ என்ற விடையோடு இன்னும் இரண்டு தகவல்கள் கிடைக்கும். அந்தத் தடிமன் இந்த வரியிலேயே வைக்கப்பட்டதா, மேலேயிருந்து இறங்கி வந்ததா என்பது ஒன்று. மேலேயிருந்து என்றால் எந்த ஸ்டைல் அதைத் தந்தது என்பது மற்றொன்று.

நெளிகோட்டால் சொல்ல முடியாதவை இந்த இரண்டு தகவல்களும்தான். படிநிலை காரணமாகத் தடித்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு, யாரோ கையால் தடிமனாக்கியவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குப் பெயருள்ள ஒரு ஸ்டைலைக் கொடுக்கச் சொல்லலாம். பிறகு அந்த ஒரு ஸ்டைலைத் திருத்தினால் போதும், எல்லா வரிகளும் மாறிக்கொள்ளும். கண்ணால் பார்த்துச் செய்தால் நாள்கணக்கில் இழுக்கும் வேலை இது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுமுன் தட்டச்சான கோப்புகளில் எழுத்துருதான் மொழியையே தாங்கி நின்றது. பாமினி என்ற பழைய ஃபான்டில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் கிடப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஃபான்டை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் தலைமையகம் வைத்திருக்கும் நூற்பாலை இயந்திர நிறுவனம் எல்.எம்.டபிள்யூ. அதன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நடுவே எழுதி, பாமினியில் ஒரு தமிழ்க் கடிதம் அடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபான்டைப் பார்க்காமல் எல்லா எழுத்தையும் ஒரே அட்டவணைப்படி ஒருங்குறிக்கு மாற்றும் கருவி, அந்தப் பெயரை ‘டுஆறு’ என்று ஆக்கிவைக்கும். பாமினியில் எல் என்பது டு, எம் என்பது ஆ, டபிள்யூ என்பது று. ஆகவே மாற்றும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு துண்டிடமும் ‘நீ எந்த ஃபான்டில் இருக்கிறாய்?’ என்று கேட்டே ஆக வேண்டும். பாமினி என்றால் மாற்றலாம், இல்லையென்றால் தொடக்கூடாது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற இரண்டு குறியீட்டு முறைகளில் ‘டாப்’ ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வேறுவேறு இடம் ஒதுக்கியதால் அதில் இந்தக் குழப்பம் குறைவு. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு கூடிய வேளையில் அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனாலும் பழைய கோப்புகள் தாமாக மாறுவதில்லை. டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் அவை இன்றும் இருக்கின்றன.

வேர்டு மேக்ரோ எழுதுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு பத்தியின் ஃபான்ட் பெயரைக் கேட்கும்போது அதில் இரண்டு ஃபான்ட் கலந்திருந்தால் வெற்றுச் சரம்தான் விடையாக வரும். தடிமனைக் கேட்டால் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக 9999999 என்ற எண் வரும். பிழை என்று மிரள வேண்டாம். ‘கலந்திருக்கிறது, இன்னும் சிறிதாக வெட்டிக் கேள்’ என்பதே அதன் பொருள். பத்தியைச் சொல்லாகவும், சொல்லை எழுத்தாகவும் வெட்டிக்கொண்டு போனால் சரியான விடை கிடைக்கும்.

லிப்ரே ஆபீஸில் வேறொரு கண்ணி. அங்கே தமிழ், சிக்கலான எழுத்துமுறைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தின் தடிமனுக்கு ‘சார்வெயிட்’ என்றொரு பண்பு, தமிழுக்கு ‘சார்வெயிட்காம்ப்ளக்ஸ்’ என்று தனிப்பண்பு. முதலாவதை மட்டும் மாற்றும் மேக்ரோ பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடியும், தமிழ்த் தலைப்பு மட்டும் மெலிந்தே நிற்கும். எழுத்துருவின் பெயருக்கும் அளவுக்கும் இப்படியே இரட்டைப் பண்புகள்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்கிற வேலை என்று தோன்றினால், வித்யாலய வளாகத்துக்கே திரும்பலாம். மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கென்று விவேகானந்தா கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் தனிப் புலம் அங்கே இயங்குகிறது. பார்வையற்றவர்கள் கணினியில் படிக்க உதவும் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர் 2006-இல் தொடங்கியது. அதில் ஹெச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். ஆனால் அது தாவுவது தலைப்பு என்ற ஸ்டைல் பெற்ற வரிகளுக்கு மட்டும். வெறுமனே தடித்த வரி அதற்குச் சாதாரணப் பத்திதான். அப்படிப்பட்ட பாடநூலில் ஆறாம் பாடத்தைத் தேடும் மாணவர் முதல் ஐந்து பாடங்களையும் கேட்டாக வேண்டியிருக்கும். அவர் நேரத்தைத் தின்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

பழைய கோப்பைக் கையில் எடுப்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் ஒவ்வொரு துண்டின் ஃபான்டையும் ஸ்கிரிப்ட் வழியாகப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக ஒருங்குறி மாற்றம். தடிமனைப் பெயருள்ள ஸ்டைலாக மாற்றுவது அதற்குப் பின். அவசரத்தில் முழுக்கோப்பையும் தேர்ந்தெடுத்து லதா என்ற ஒருங்குறி ஃபான்டுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால், பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் ஒரே மாதிரி ஆங்கில எழுத்துகளாகிவிடும். எது எது என்று பிரித்துச் சொல்லும் தகவல் அந்தக் கோப்பில் அதன்பின் இருக்காது. வேலையைத் தொடங்குமுன் மூலத்தின் நகலொன்றைத் தனியே வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

அடுத்த இதழில்: 2000-இல் வந்த ஓ.பி.எம்.எல். வடிவம். படிநிலைகளைப் பத்திரமாகக் கொண்டுபோகும் அது, ஸ்டைல்களை என்ன செய்கிறது?

(தொடரும்)