துடுப்பும் ஒலிவாங்கியும்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் அரியர். பூரணை இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திக் கேட்பது வாவிக்கரை மீனவரின் பழைய வழக்கம். 1848ஆம் ஆண்டில் அவ்வொலியைக் கேட்ட எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில் அதனை விவரித்துள்ளார். 1960களில் இலங்கை வானொலி, இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளாரின் துணைகொண்டு, அவ்வொலியை நாட்டு மக்கள் யாவரும் கேட்கச் செய்தது. பாடுவது மீனா, ஊரியா என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், கேட்பதற்குரிய கருவி எது என்பதில் மீனவருக்கு ஐயம் இருந்ததில்லை.

துடுப்பை ஏன் நாடினர்? நீரினுள் எழும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே நேராகக் காற்றுக்கு வந்து சேர்கிறது; எஞ்சியது நீர்ப்பரப்பில் மோதித் திரும்பிவிடுகிறது. மரமோ ஒலியைக் கடத்தும் தன்மையில் காற்றைவிட நீருக்கு மிக நெருங்கியது. ஆகவே துடுப்பு ஒலியை ஏந்திக் காதெலும்புக்குக் கொண்டு சேர்க்கிறது. எத்துணை விலையுயர்ந்த ஒலிவாங்கியைப் பாலத்தின் மேல் நிறுத்தினாலும், அது வண்டிகளின் இரைச்சலையே பதிவு செய்யும். ஒலி எங்கே பிறக்கிறது என்பதை அறிந்த பின்னரே கருவியைத் தேர்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மை இன்று பல நிறுவனங்களுக்குப் பயன்படுவதாகும். நெசவுச்சாலைகளும் அரிசி ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் செய்திகளைத் தாமே பதிவு செய்து, ‘பொட்காஸ்ட்’ என வழங்கும் ஒலித்தொடர்களாகக் கைத்தொலைபேசி வாயிலாக மக்களுக்கு அளிக்கக் கூடிய காலம் இது. ஆனால், தொடங்கும்போதே “எந்த ஒலிவாங்கி உயர்ந்தது?” என்று கேட்டுப் பெரும்பணத்தைச் செலவிட்டுவிட்டு, மூன்றாம் நிகழ்ச்சியோடு ஓய்ந்துவிடுவோர் உளர்.

வாவியின் தென்கோடியை அடுத்த மருதமுனை, கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். அங்குள்ள நெசவுச்சாலை ஒன்று, முதிய நெசவாளர் ஒருவரைச் சாயமேற்றும் முறை பற்றிப் பேசச் செய்வதாகக் கொள்ளலாம். அவருடைய அறிவு ஏட்டில் இல்லை, நாவில் இருக்கிறது. இன்று பதிவாகாவிடில் நாளை கிட்டாது. அவரைத் தறியின் அருகே இருத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, நுண்மை மிக்க ‘கொண்டன்சர்’ ஒலிவாங்கியை முன்வைத்தால், தறியோசையும் விசிறியின் இரைச்சலும் பதிவாகும். முதியவரின் சொல் அவற்றினிடையே அமிழ்ந்து போகும்.

ஆகவே முதலில் தேட வேண்டியது நல்ல அறை. பெருஞ்செலவு வேண்டியதில்லை. சிறிய அறையொன்றில் பன்பாய்களை விரித்து, தடித்த துணிகளைச் சுவரோரம் தொங்கவிட்டு, விசிறியை நிறுத்தினாற் போதும். எதிரொலி பெரிதும் அடங்கும்.

இரண்டாவது, ஒலிவாங்கி. அமைதியற்ற அறைக்கு ‘டைனமிக்’ வகையே ஏற்றது. அது அருகிலுள்ள குரலை வாங்கித் தொலைவிலுள்ள இரைச்சலைப் பெரிதும் விட்டுவிடும். முன்புறத்து ஒலியைச் சிறப்பாக ஏற்கும் ‘கார்டியாய்ட்’ அமைப்புடையதாயின் மேலும் நன்று. கொண்டன்சர் ஒலிவாங்கி நுட்பமானது. அவற்றுட் பல 48 வோல்ற்று மின்னூட்டத்தை வேண்டுவன. அமைதியான அறையிலேயே அதன் சிறப்பு வெளிப்படும். எதுவாயினும், வாயிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். தொலைவு இருமடங்கானால் குரலின் ஆற்றல் நான்கில் ஒன்றாகக் குறையும். அறையின் இரைச்சலோ குறையாது.

மூன்றாவது, பதிவு செய்யும் கருவி. ஒருவரே பேசுவதாயின், கணினியில் நேரே இணையும் யூ.எஸ்.பி. ஒலிவாங்கி போதும். இருவர் உரையாடுவதாயின், இரண்டு ஒலிவாங்கிகளையும் தனித்தனித் தடங்களில் ஏற்கும் கருவி வேண்டும். ஒருவர் இருமியதை மற்றவர் பேச்சுக்கு ஊறின்றி நீக்குவதற்கு அதுவே வழி. மின்கலத்தால் இயங்கும் கைப்பதிவுக் கருவி, மின்சாரம் தடைப்படும்போதும் தோட்டத்திலும் துறையிலும் உதவும். காதை முழுதும் மூடும் செவிப்பொறி ஒன்றும் இன்றியமையாதது. பதிவின்போதே அதனை அணிந்து கேளாதவர், வந்தவர் எழுந்து சென்ற பின்னரே பிழையை அறிவர்.

தொகுப்பதற்கு ‘ஓடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். மூலப்பதிவை ‘வேவ்’ வடிவில் வைத்திருத்தல் நன்று. 48,000 மாதிரி, 24 பிட் அளவில், ஒற்றைத் தடத்தில் பத்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 86 மெகாபைற்று இடங்கொள்ளும். அதனையே 64 கிலோபிட் எம்.பி.3 ஆக்கினால் 5 மெகாபைற்றுக்குள் அடங்கும். சிற்றூரில் தரவுக்குக் காசு எண்ணிச் செலவிடும் நேயருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மூலத்தின் படியொன்றை வேறோர் இடத்திலும் வைத்தல் வேண்டும். பேசியவர் மறைந்த பின் அதுவே அவர் குரலாகும்.

இறுதியாக ஒரு சோதனை. வாங்கவிருக்கும் கருவியை, அதில் ஆர்வமுள்ள ஊழியர் ஒருவரேயன்றி, அவர் விடுப்பில் உள்ள நாளில் மற்றொருவரும் அரைமணி நேரத்தில் கற்று இயக்க முடியுமா? முடியாதெனின், அக்கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அந்நிறுவனத்துக்கு உரியதன்று. கடையில் வாங்குமுன் அதனை இரவல் பெற்று, தம் அறையிலேயே, தம்மவர் குரலையே பதிந்து, பிறர் கைத்தொலைபேசியிற் கேட்டுப் பார்த்தல் தகும்.

வாவியின் மீனவன் துடுப்பைக் கேட்பதற்கென்று வாங்கியவனல்லன். தோணி செலுத்தக் கையிலிருந்ததை, ஒலியின் இயல்பறிந்து காதுக்குக் கொண்டுவந்தான். நிறுவனங்களும் முதலிற் கையிலுள்ளதைக் கொண்டு தம் முதியோரைப் பேசச் செய்யட்டும். எது குறைகிறது என்பதைக் காது சொல்லும். அதனை மட்டும் வாங்கினாற் போதும்.