கொத்தனார் கையும் குரோமியமும்

ஈரச் சிமெண்டுக் கலவையை நாள்தோறும் கையாளும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் விரலிடுக்கிலும் புறங்கையிலும் தோன்றும் அரிப்பும் வெடிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், அவற்றுக்குப் பின்னே இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கக்கூடும். முதலாவது எரிச்சல்வகைத் தோலழற்சி. இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை கொண்ட தோலின்மீது, பிஎச் அளவு 12-ஐத் தாண்டும் காரக்கலவை படியும்போது, தோலின் கொழுப்புக் காப்பு கரைந்துபோவதால் உண்டாகும் இந்தப் புண், போதிய நேரம் கலவை பட்டால் எவருக்கும் வரும்.

இரண்டாவது ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து தோலுக்குள் ஊடுருவி, அங்கே மூன்று இணைதிறன் வடிவமாக மாறிப் புரதங்களோடு பிணைகிறது. அதனை அயற்பொருளாகக் கருதும் டி-செல்கள், அதாவது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை, அதை நினைவில் கொள்கின்றன. பல ஆண்டுகள் தொல்லையின்றி வேலை செய்தவருக்கும் ஒருகட்டத்தில் இது தொடங்கலாம். தொடங்கியபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். கலவை பட்டு ஓரிரு நாள் கழித்தே தடிப்பு எழுவதால், நோயாளி காரணத்தை வேறெங்கோ தேடுகிறார்.

இதை உறுதிசெய்வது ஒட்டுச் சோதனை. வாசலினில் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்துக்குப்பின் எடுத்து, அப்போதும் அடுத்த ஓரிரு நாளிலும் அவ்விடம் சிவந்து தடித்துள்ளதா என்று பார்க்கிறார்கள்.

நீர் வடியும் நிலையில் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும், அழற்சியைத் தணிக்க மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பும், வறண்ட தோலுக்கு வாசலின் போன்ற மென்மையாக்கிகளும் உதவும். ஹிஸ்டமின் இங்கே முதன்மைக் காரணம் அன்று என்பதால், அரிப்புக்கென வாங்கப்படும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளால் பெரும்பயன் இல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளின் நிலை இன்னும் மோசம்: அவற்றில் சிலவற்றிலுள்ள நியோமைசினே ஒவ்வாமை தரவல்லது. பாதுகாப்புக்கென அணியும் தோல் கையுறையும் குரோமியத்தால் பதனிடப்பட்டதாயின் நோயை வளர்க்கும். நைட்ரைல் பூசிய கையுறை மேல், ஆனால் அதற்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவியாக வேண்டும்.

களிம்பைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது ஆலையில் செய்யப்பட்ட திருத்தமே. 1980-களின் தொடக்கத்தில் டென்மார்க், சிமெண்டில் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்து ஆறு இணைதிறன் குரோமியத்தைக் குறைக்கத் தொடங்க, அங்கே கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை குறைந்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் பத்து லட்சத்துக்கு 2 பங்கு என்னும் வரம்பை விதித்தது. ஆயினும் நாட்பட்ட மூட்டையில் அந்தச் சல்ஃபேட் வலுவிழந்துவிடும். கலவையின் காரத்தையோ அது புதிய மூட்டையிலும் குறைப்பதில்லை.