பெயர் வாங்கிக் கொடுத்த கம்பெனி பெயரை இழந்தது!

நீலகிரி மலையில் எத்தனையோ தேயிலைத் தோட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். குன்னூரில் 1963-ம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்தில் எடுக்கும் கம்பெனிகள் பல தோட்டத்துத் தூளைக் கலந்து பாக்கெட்டில் அடைக்கின்றன. பாக்கெட்டின் மேல் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். தோட்டத்தின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடும்!

இதே கதி, உலகப் புகழ் பெற்ற ஒரு விளம்பரக் கம்பெனிக்கும் வந்தது. அதுதான் ஜே. வால்டர் தாம்சன்.

500 டாலர்

1864-ம் ஆண்டில் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட சிறு கம்பெனி அது. 1868-ல் ஜேம்ஸ் வால்டர் தாம்சன் அங்கே கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். பத்து ஆண்டு கழித்து, 500 டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கினார். தன் பெயரையும் சூட்டினார்.

அமெரிக்காவில் சினிமா நட்சத்திரங்களைக் காட்டி லக்ஸ் சோப்புக்கு விளம்பரம் செய்தது இந்தக் கம்பெனிதான். 1929-ல் அது பம்பாய்க்கும் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு விளம்பரம் செய்வதே முதல் வேலை. பிற்காலத்தில் அது ‘ஹிந்துஸ்தான் தாம்சன்’ என்று பெயர் பெற்று, இந்தியாவின் பெரிய விளம்பரக் கம்பெனிகளில் ஒன்றாக விளங்கியது.

கூடை செய்தவர் வாங்கினார்

1987-ல் டபிள்யூ.பி.பி. என்ற பிரிட்டிஷ் கம்பெனி தாம்சன் கம்பெனியை வாங்கியது. விலை 56 கோடியே 60 லட்சம் டாலர்! கடைகளில் சாமான் எடுக்கும் கம்பிக் கூடைகளைச் செய்து வந்த சிறு கம்பெனிதான் டபிள்யூ.பி.பி. என்றால் யாருக்கும் வியப்பாக இருக்கும்.

பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் விளம்பரத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் கிடைக்கும். பழைய விளம்பரக் கம்பெனிகள் வளர்ந்தது இப்படித்தான். பிறகு இன்டர்நெட் வந்தது. விளம்பரம் செல்போனுக்குள் புகுந்தது. வியாபாரிகள் நேராகவே அங்கே இடம் வாங்கத் தொடங்கினார்கள். நடுவில் இருந்தவருக்கு வேலை குறைந்தது.

செலவைக் குறைக்க, கம்பெனிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள். 2018-ல் அறிவித்தபடி, தாம்சன் கம்பெனி ‘வண்டர்மேன் தாம்சன்’ ஆயிற்று. 2023-ல் மற்றோர் இணைப்பு அறிவிப்பு வந்தது. 2024-ல் பெயர் ‘வி.எம்.எல்.’ என்று மாறியது. அது வேறு மூன்று பேருடைய பெயர்களின் முதல் எழுத்து! தாம்சன் பெயர் அடியோடு போய்விட்டது.

சட்டத்தின் காவல்

நீலகிரி ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊர்த் தூளை அந்தப் பெயரில் விற்க முடியாது. அந்தப் பெயர் மண்ணுக்குச் சொந்தம். கம்பெனியின் பெயரோ அதை வாங்கியவருக்குச் சொந்தம். வைத்துக்கொள்வதும் எடுத்துவிடுவதும் அவர் இஷ்டம். ஆயிரம் சரக்குகளின் பெயரை மக்கள் மனத்தில் பதிய வைத்த கம்பெனியால், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை!