பாட்டியின் மரக்கால்

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1956-ல் அங்கே நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. சுரங்கத்துக்காகப் பல கிராமத்தார் நிலத்தை விட்டுப் பெயர்ந்தனர். கையோடு வந்தவை சில தட்டுமுட்டுச் சாமான்களே.

நம் வகுப்புப் பிள்ளைகளை, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைச் சித்திரமாக எழுதிவரச் சொன்னோம். ஒரு சிறுமி மரக்காலை எழுதி, அதில் நெல்லைக் கோபுரமாகக் குவித்திருந்தாள்.

"இப்பொழுதும் உங்கள் வீட்டில் நெல் அளக்கிறார்களா, அம்மா?" என்று வினவினோம்.

இல்லையாம். மரக்காலை வெறுமையாக எழுதலாகாது என்றாளாம் பாட்டி. சுரங்கத்துக்குள் போன வயலின் கதையையும் அன்றுதான் சொன்னாளாம்.

தினமும் கண்ட பொருள்தான். எழுத உட்கார்ந்த பிறகே அது பேசிற்று. வாசகர்களே, கதை சொல்லப் பெரியோர் இருக்கும்போதே குழந்தைகளின் கையில் பென்சிலைக் கொடுங்கள்.