படியேறும் ஆற்றல்

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் ஏறத்தாழ 3,550 படிகள் ஏற வேண்டும். காலையில் நான்கு இட்லி உண்டு புறப்பட்டவரும் காலிகோபுரத்தை நெருங்கும் செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க நின்றுவிடுகிறார். உண்ட உணவு உள்ளே இருக்கிறது. மலையெங்கும் காற்றும் இருக்கிறது. பின் எது குறைந்தது?

மூச்சுவிடுதல் வேறு, செல் சுவாசம் வேறு. மூச்சு ஆக்சிஜனை உள்ளே கொணரும். கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும். ஆற்றல் பிறப்பது நுரையீரலில் அன்று, ஒவ்வொரு செல்லிலும்தான். இட்லியின் மாவுச்சத்து செரித்துக் குளுக்கோஸாகிக் குருதி வழியே செல்லை அடைகிறது. அங்கே முதலில் அது இரண்டாக உடைகிறது; இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. அத்துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பினுள் புகுந்து, ஆக்சிஜனின் துணையால் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகின்றன.

விறகு எரியும்போதும் இவையே உண்டாகின்றன. ஆனால் விறகின் ஆற்றல் ஒரேயடியாக வெப்பமாகிவிடும். செல்லோ அதில் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாகப் பிடித்து, ஏ.டி.பி. என்னும் மூலக்கூறுகளில் சேர்க்கிறது. சித்தூர்ப் பேருந்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் சில்லறை கேட்பார் அல்லவா? குளுக்கோஸ் பெரிய தாள், ஏ.டி.பி. சில்லறை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். இச்சில்லறையைச் சேமித்து வைக்கவும் இயலாது. உடலில் ஒரு நேரத்தில் இருப்பது சில பத்துக் கிராமே. அது செலவாகச் செலவாக மீண்டும் உண்டாக வேண்டும்.

இந்த ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அன்று பீமவரமும் சித்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் அவர் இதனைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். பாடநூல்கள் பலவற்றில் ஏ.டி.பி. உண்டு, சுப்பாராவின் பெயர்தான் இல்லை.

படியில் நின்றவரிடம் மீண்டும் வருவோம். விரைந்து ஏறும்போது தசைக்கு வேண்டிய வேகத்தில் ஆக்சிஜன் வந்து சேர்வதில்லை. எனவே செல் அது இல்லாமலே குளுக்கோஸை உடைக்கிறது. அவ்வழியில் 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும், உடன் லாக்டிக் அமிலமும் உண்டாகும். இட்லி மாவைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் உண்டாக்குவதும் இவ்வமிலத்தையே. மறுநாள் கால் வலிக்கும் இதுவே காரணம் என்று பலர் கூறுவர், அது சரியன்று. இவ்வமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். மறுநாள் வலிப்பது, பழக்கமில்லாத உழைப்பால் தசையிழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவினால்.