டென்வர் மேட்டில் யாருக்கு மூச்சு வாங்கும்?

அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,600 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று அங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடும். புதிதாக வந்திறங்கியவர் நாலு மாடி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். வண்டிகளுக்கும் அதே பாடுதான்.

அந்த ஊர்க்காரர் ஒருவர், காடிலாக் எஸ்கலேடா லிங்கன் நேவிகேட்டரா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 2023 மாடல். இரண்டிலும் மூன்று வரிசை இருக்கை, எடை இரண்டரை டன்னுக்கு மேல். எஸ்கலேடின் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்கு 420 குதிரைத்திறன். நேவிகேட்டரின் 3.5 லிட்டர் வி6-க்கு 440. இருபது குதிரை பெரிய வித்தியாசமா என்று தோன்றும்.

ஆனால் விளம்பரத்தாளில் உள்ள குதிரைகள் கடலோரக் காற்றை மூச்சிழுப்பவை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். அந்த வி8 டென்வரில் 355 குதிரைத்திறன் பக்கம் வந்து நிற்கும். நேவிகேட்டரில் இருப்பதோ இரட்டை டர்போ. வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்ற, அது மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. இழப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடும். வீடு கடலோர ஹூஸ்டன் பக்கம் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். அங்கே வி8-இன் உறுமலுக்கு மயங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

மைலேஜ்? லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரைச் சுற்றித்தான் இரண்டும். வாங்குபவரிடம் அதைக் கேட்காமலிருப்பது நாகரிகம்.

குலுக்கலை அடக்குவதில் எஸ்கலேட் கெட்டி. மேல்நிலை மாடல்களின் ஷாக் அப்சார்பரில் சாதாரண எண்ணெய் இல்லை. பொடி இரும்புத் துகள்கள் மிதக்கும் எண்ணெய். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, எண்ணெய் களிபோல் இறுகுகிறது. மின்சாரம் நின்றால் மறுபடி இளகிவிடும். எல்லாம் சில மில்லி விநாடிகளில். காடிலாக் 2002-லேயே செவில் காரில் இதைப் பொருத்திவிட்டது.

பழைய வண்டி தேடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 வரையிலான எஸ்கலேடில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு இணைத்தது. குழியில் சக்கரம் எகிறினால் அச்சும் சேர்ந்து எகிறும். அதற்கு இடம்விட்டுத் தரையை உயர்த்தியாக வேண்டும். தரை உயர்ந்தால் கடைசி வரிசையில் கால் தொங்க இடமேது? நேவிகேட்டர் 2003 மாடலிலேயே சக்கரங்களைத் தனித்தனியாக அசையவிட்டது. எஸ்கலேட் அந்த வழிக்கு வந்தது 2021 மாடலில்தான். ஷோரூமில் ஸ்டீயரிங்கைத் தொடுமுன் கடைசி வரிசையில் ஏறி, பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதிலேயே அச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.