நகைப்புக்கு அஞ்சிய நூலகம்

துப்பறியும் கதை பொழுதுபோக்கிற்கே உரியது என்று நாம் எண்ணுகிறோம். இத்தாலியக் குறியியல் அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ 1980-இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' என்னும் நாவல் அவ்வெண்ணத்தை மாற்றிவிடுகிறது.

காலம் 1327; களம் வட இத்தாலிய மலைமேல் ஒரு கிறிஸ்துவ மடம். துறவியர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். வேறு பணிக்காக அங்கு வந்த வில்லியம் என்னும் துறவி ஆராய்கிறார். நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதி, பின்னர் மறைந்ததாகக் கருதப்படும் நூலே இம்மரணங்களுக்கு மூலம். சிரிக்கக் கற்றால் மாந்தர்க்கு இறையச்சம் நீங்கிவிடும் என்று அஞ்சியவர், அதன் ஏடுகளில் நஞ்சு தடவியிருந்தார்.

முடிவில் நூலகமே எரிகிறது, காவலே கூற்றாயிற்று. வில்லியமோ, பிழையான ஊகத்தால் உண்மையை எட்டியதை ஒப்புக்கொள்கிறார். ஐயத்திற்கும் நகைப்புக்கும் இடந்தராத அறிவு தன்னையே அழித்துக்கொள்ளும் என்பதை நாம் இங்கு உணர்கிறோம்.